ஒரே வீட்டில் இரண்டு மூக்கு

1994 ஜூலை 3

அடைமழை. துணி எதுவும் காயவில்லை. குழந்தையின் கந்தல்களை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன், வீடு முழுக்கப் புகையும் மூத்திரமுமாக ஒரு வாடை. இவர் தையல் கடையிலிருந்து வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இந்த வாடைக்கே எமன் வாசலோடு திரும்பிப் போய்விடுவான் என்றார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பேரை விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது?

குழந்தைக்கு இன்னும் மூக்கே குத்தவில்லை, பேர் மட்டும் நத்தூ ஆகிவிட்டது. மூக்கு வளையக்காரன். ஜீஜி வைத்த பேர். இவருடைய அக்கா ஷ்யாம்ராணியை நாங்கள் எல்லோரும் ஜீஜி என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் போனபிறகு பம்ஹோரியில் ஒரு எருமையோடு தனியாக இருக்கிறாள். பிரசவத்துக்கு வந்தவள், எருமையைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு இன்னும் இங்கேயே இருக்கிறாள். பிள்ளை பிறந்த அன்றே அவனை முறத்தில் கிடத்தி, மருத்துவச்சிக்குக் கொடுத்து, ஒரு பிடி தவிடு போட்டுத் திரும்ப வாங்கியாகிவிட்டது. அவன் என் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கினவன்.

முதல் பையன் ஏழாம் மாதத்தில் சளியில் போனான். இரண்டாமவன் நாலு அடி நடந்து காட்டிவிட்டு, அதே வாரத்தில் வயிற்றுப்போக்கில் போனான். மூன்றாவதும் பையன் என்று தெரிந்தால் அந்தப் பேர்க்காரன் விட்டுவைப்பானா? பெண்ணாக இருந்துவிட்டுப் போகட்டும். எல்லோருக்கும் மூத்தவள் பின்னு. எட்டு வயசாகிறது, ஒரு தும்மல் இல்லாமல் வளர்ந்து நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை கடோரே பத்தர் வீட்டுக்கே வருகிறார்.

1994 ஜூலை 8

குத்தியாகிவிட்டது.

புதுத் தங்கம் கூடாதாம். ஒரு பெண் பிள்ளை போட்டுத் தேய்ந்த தங்கமாக இருக்க வேண்டும் என்பது முறை. பின்னுவின் தோட்டைக் கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று நினைத்தால், அவளே கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். காது தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிவிட்டேன். பத்தர் தோட்டை உருக்கிக் கம்பியாக நீட்டிக் கொண்டுவந்திருந்தார்.

கதவைச் சாத்திவிட்டுத்தான் எல்லாம். நத்தூவுக்குப் பின்னுவின் பழைய கவுன், கண்ணுக்கு மை, நெற்றியில் பொட்டு. தலையைப் பிடித்துக்கொள்ள வந்த இவரை, உன் நடுக்கத்துக்குக் கண்ணில் குத்திவிடும் என்று ஜீஜி துரத்திவிட்டாள். கடைசியில் பின்னுதான் பிடித்தாள். பத்தர் இடது மூக்கில் கரியால் ஒரு புள்ளி வைத்தார். கம்பியின் கூரான முனையைக் கடுகெண்ணெயில் தொட்டு, ஒரே அழுத்து. நத்தூ முதலில் அழவே இல்லை, அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். அப்புறம்தான் கூரை இடிகிற மாதிரி கத்தினான். அவர் நிதானமாகக் கம்பியை வளைத்து, முனைகளை முறுக்கி, மீதியை வெட்டினார்.

இது பலிக்குமா என்று அவரிடமே கேட்டேன். "என் பேரைப் பாரும்மா. எனக்கு முன்னால பொறந்தது ஒண்ணும் தங்கல. என்னைத் தரையில போட்டு வாசல் வரைக்கும் குப்பை மாதிரி இழுத்தாங்களாம், அதான் கடோரே, இழுபட்டவன். பல்லு எல்லாம் போச்சு, உசிரு மட்டும் போக மாட்டேங்குது" என்றார். எனக்கு அது போதும்.

முதலில் ஓரிரு நாள் தொடவே கூடாது. அப்புறம் காலையும் மாலையும் உப்பு வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒற்ற வேண்டும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது, ஊறித் தானாக வர வேண்டும். பொருக்கு இருக்கும்போது வளையத்தைத் திருப்பினால் உள்ளே அறுக்கும். இவ்வளவுதான் சொன்னார். ஜீஜி மஞ்சள் என்றாள், சாம்பல் என்றாள். அவர் பையை மூடினார்.

கம்பியில் மிச்சம் இருப்பதைப் பார்த்துப் பின்னு, தனக்கும் குத்தச் சொல்லி அவர் முன்னால் போய் உட்கார்ந்து மூக்கை நீட்டினாள். "எந்திரிடி. ஒரே வீட்டுல ரெண்டு மூக்கு ஒண்ணா குத்தக் கூடாது" என்றாள் ஜீஜி. மழை முடியட்டும், உனக்குத் தனியாகக் குத்தலாம் என்று நான் சமாதானம் சொன்னேன். பத்தர் மிச்சக் கம்பியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். தகர டப்பாவில் வைத்திருக்கிறேன்.

1994 ஜூலை 12

பால் குடிக்கும்போது வளையத்தின் முறுக்கு என் மார்பில் குத்துகிறது. குத்தட்டும். இருக்கிறது என்று தெரிகிறது.

1994 ஜூலை 19

மூக்கு வீங்கிவிட்டது. ஓரத்தில் மஞ்சளாகச் சீழ். மார்பைக் கவ்வுகிறான், மூச்சு விட முடியாமல் விட்டுவிட்டு அழுகிறான். உடம்பு சுடுகிறது. நானே குத்தி நானே கொல்லப் போகிறேனா?

ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாம் என்றார் இவர். அங்கே துணியை அவிழ்ப்பார்கள், பையன் என்று ஊருக்கே கேட்கும்படி சொல்வார்கள் என்று ஜீஜி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அக்காவும் தம்பியும் என் முன்னால் சண்டை போட்டார்கள், நான் யார் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஜீஜி பக்கம்தான் நின்றிருப்பேன். கடைசியில் இவர் தனியாகப் போய், பொண்ணுக்கு மூக்குக் குத்தினது புண்ணாகிவிட்டது என்று கம்பவுண்டரிடம் சொல்லிச் சொட்டு மருந்து வாங்கி வந்தார். மேலே ஏதாவது அப்புகிறீர்களா என்று அவர் கேட்டாராம். அப்புகிறோமே! நான் தூங்கும்போதெல்லாம் ஜீஜி மஞ்சளையும் சாம்பலையும் குழைத்து அப்பியிருக்கிறாள். அது காய்ந்து வளையத்தோடு கல்லாக இறுகிக் கிடந்தது.

உட்கார்ந்து ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். பின்னு அவன் கையிரண்டையும் பிடித்துக்கொண்டு முகத்தில் ஊதிக்கொண்டே இருந்தாள். நான் ஊதினால் அழுகிறான், அவள் ஊதினால் கண்ணை மூடிக்கொள்கிறான்.

1994 ஜூலை 24

சீழ் நின்றுவிட்டது. பின்னுவுக்கு இப்போது என்னைவிட நன்றாகக் கை வந்துவிட்டது. பஞ்சைத் திரித்து, நுனியை மட்டும் நனைத்து, வளையத்தின் அடியில் விட்டு எடுக்கிறாள். நான் தண்ணீர் வைத்துக் கொடுக்கிற எடுபிடி.

1994 ஜூலை 30

இன்று பின்னு கேட்ட கேள்வி. "பொண்ணுன்னா எமன் எடுத்துக்க மாட்டானாம்மா?" மாட்டான் என்றேன். "அப்ப நான் சாகவே மாட்டேனா?" ஆமாம், நீ கிழவியாகிக் குச்சி ஊன்றி நடப்பாய் என்றேன். தெருவில் போய் எல்லாப் பிள்ளைகளிடமும் நான் சாக மாட்டேன், நான் சாக மாட்டேன் என்று பீற்றிக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு வந்தது. அப்புறம் ஏனோ வரவில்லை.

1994 ஆகஸ்ட் 6

முற்றத்தில் இரண்டு பேரையும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மாவு இரவல் கேட்க வந்த எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு, வளையம் போட்டால் மட்டும் ஆயிற்றா, பக்கத்தில் நிஜப் பொண்ணை உட்கார வைத்தால் எது பொய் என்று குருடனுக்கும் தெரியுமே என்று சொல்லிச் சிரித்தாள். சாதாரணமாகச் சொன்னதுதான். ஜீஜி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

அதிலிருந்து ஒரே பேச்சு. பின்னுவைத் தன்னோடு பம்ஹோரிக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் ஒரே ஒரு பெண் பிள்ளைதான் இருக்க வேண்டும், அது நத்தூவாக இருக்க வேண்டும். இவர் தையல் மெஷினைத் துடைத்துக்கொண்டே, அவளும் நம்ம பிள்ளைதானே அக்கா என்று மெதுவாகச் சொன்னார். "நான் என்ன அவளைக் காட்டுலயா விடப் போறேன்? இவன் நடக்குற வரைக்கும்தான். அப்புறம் நானே கொண்டாந்து விடறேன்" என்றாள் ஜீஜி.

தனிமைக்குத் துணை தேடுகிறாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். இப்போது மறுபடி நினைக்கிறேன்.

சரி என்று நான்தான் சொன்னேன். இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை.

1994 ஆகஸ்ட் 8

பின்னுவுக்குத் தலை பின்னிவிட்டேன். "நான் போனா இவன் சாக மாட்டானா?" என்று கேட்டாள். மாட்டான் என்றேன். அப்போ போகிறேன் என்றாள், கடைக்குப் போய் வருகிறேன் என்கிற மாதிரி. எப்போது வரலாம் என்று கேட்டாள். இவன் நடக்க ஆரம்பித்ததும் என்றேன்.

பஞ்சைத் திரிக்கிற விதத்தை எனக்கு இரண்டு முறை செய்து காட்டினாள். "தண்ணி ரொம்பச் சூடா வச்சிடாதம்மா. உன் கைக்குச் சூடு தெரியாது" என்றாள்.

1994 ஆகஸ்ட் 9

போய்விட்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததாம். நத்தூ வெளியே வரக் கூடாது என்பதால் நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

1994 ஆகஸ்ட் 21

ராக்கி. பம்ஹோரி பஸ் கண்டக்டரிடம் பின்னு ஒரு ராக்கி கொடுத்தனுப்பியிருந்தாள். சிவப்பு நூல், நடுவில் ஜிகினாத் தாளில் ஒரு பூ. அவளே செய்தது, பசை ஒட்டின விரல் அடையாளம் தெரிகிறது. கட்டப் போன என் கையை நானே பிடித்துக்கொண்டேன். பெண்ணுக்கு யாராவது ராக்கி கட்டுவார்களா? கட்டினால் இவன் தம்பி என்று தெரிந்துபோகும்.

டப்பாவில் போட்டுவிட்டேன். கண்டக்டர் கேட்டால் கட்டியாகிவிட்டது என்று இவரைச் சொல்லச் சொன்னேன்.

1994 ஆகஸ்ட் 22

பெண் பிள்ளைகள் எல்லாம் முளைப்பாரி எடுத்துக்கொண்டு சுக்னயி ஆற்றுக்குப் போனார்கள். பாட்டுச் சத்தம் வந்தது. நான் கதவைத் திறக்கவில்லை. போன வருஷம் பின்னுவின் கோதுமைதான் எல்லோருடையதையும்விட உயரம். தினமும் அதனோடு பேசிப் பேசித் தண்ணீர் ஊற்றுவாள்.

1994 நவம்பர் 4

நேற்றுத் தீபாவளி. பின்னுவை அழைக்கவில்லை. இவர் புதுக் கவுன் தைத்து எடுத்துக்கொண்டு போனார். கவுன் தோளில் இறுக்கமாம், மூன்று மாதத்தில் வளர்ந்துவிட்டாளாம். எருமைக்கு அவள்தான் தண்ணீர் காட்டுகிறாள். நத்தூ மூக்கு எப்படி இருக்கிறது என்று மூன்று தரம் கேட்டாளாம். அம்மா எப்படி இருக்கிறாள் என்று? அதை இவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

1994 டிசம்பர் 28

ஏழாம் மாதம் தாண்டிவிட்டது.

நடுவில் சளி பிடித்தது, முதலாமவனுக்குப் பிடித்த அதே மாதிரி. மூக்கு ஒழுகி ஒழுகி வளையத்தைச் சுற்றிப் பொருக்கு. குளிரில் தோல் வெடித்திருக்கிறது. ஒரு வாரம் வேறு வேலையே இல்லை, வெந்நீர், பஞ்சு, நெய். இவர் கடையில் ரொட்டி வாங்கித் தின்றார். நத்தூ பிழைத்துக்கொண்டான். பிழைத்துக்கொண்டான் பிழைத்துக்கொண்டான். எழுதிப் பார்க்க நன்றாக இருக்கிறது.

1995 ஜூன் 11

நடந்துவிட்டான். தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றவன், விட்டுவிட்டு என்னைப் பார்த்து நாலு அடி. பாவாடை தடுக்கி விழுந்தான். நான் கை தட்டவில்லை. நாலு அடி.

1995 ஜூன் 14

பின்னுவைக் கூட்டிவரவா என்று இவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. நான்தான் வேண்டாம் என்றேன். ஜீஜி சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை, நானே சொன்னேன். இரண்டாமவன் நடந்தபிறகுதானே போனான்? இரண்டு வயசு முடியட்டும்.

"நடந்ததும் வரலாம்னு நீதானே அவகிட்ட சொன்னே" என்றார். ஆமா சொன்னேன். சொன்னா? எனக்கு மட்டும் அவ வேண்டாமா? நான் பெத்தவ இல்லையா? ஆனா இவன் போயிட்டா நான் இன்னொரு தடவை எந்திரிக்க மாட்டேன். அவளுக்கு ஒண்ணும் ஆகாது, அவ பொண்ணு.

எழுதிவிட்டுப் படித்தால் கடைசி வரி நன்றாக இல்லை. அடிக்க மனசு வரவில்லை, அதுதானே நான் நினைத்தது.

1995 ஆகஸ்ட் 10

இந்த வருஷ ராக்கியும் வந்தது. டப்பாவில்.

1995 செப்டம்பர் 26

இந்த வாரம் சனியன் பிடித்த வாரம். நத்தூ கடையில் விளையாடும்போது நூல் கண்டில் வளையம் மாட்டி, வெடுக்கென்று தலையை இழுத்துவிட்டான். ஓட்டை கிழிந்து ரத்தம். வளையம் கழன்றுவிடுமோ என்று எனக்கு உயிரே போயிற்று. பத்தரை ஓடிப் போய்க் கூட்டிவந்தேன். கழலவில்லை, ஓட்டைதான் நீண்டிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து வெந்நீர், பஞ்சு.

இவர் நேற்று பம்ஹோரி போய் வந்தார். பின்னுவுக்கு முகத்தில் ஏதோ கட்டியாம், ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடிக் கிடக்கிறதாம், ஜீஜி வேப்பிலை அரைத்துக் கட்டுகிறாளாம். நீ ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்றார். நத்தூவை இந்த மூக்கோடு யாரிடம் விட்டுப் போவது? வெயில் கட்டியாக இருக்கும், உடைந்தால் சரியாகிவிடும் என்றேன்.

1995 அக்டோபர் 9

கட்டி உடைந்துவிட்டதாம். நல்லது. நத்தூவுக்கும் ஆறிவிட்டது.

1996 மார்ச் 5

ஹோலி. நத்தூவை வெளியே விடவில்லை, வண்ணப்பொடி மூக்கில் பட்டால் எரியும்.

1996 மே 24

இரண்டு வயசு முடிந்தது. பயத்தில் இனிப்புகூடச் செய்யவில்லை.

1996 ஆகஸ்ட் 18

ஜீஜியே சொல்லி அனுப்பிவிட்டாள், இனிப் பயமில்லை, ராக்கிக்கு முந்தின நாள் வளையத்தை எடுத்துவிடலாம் என்று. பின்னு வந்து தன் கையால் தம்பிக்கு ராக்கி கட்டட்டும் என்று.

வீட்டைக் கழுவினேன். பின்னுவின் மூலையில் இருந்த விறகை எடுத்து வெளியே அடுக்கினேன். அவளுக்குப் பிடித்த இலுப்பைப்பூ அடை செய்ய மாவு அரைத்து வைத்திருக்கிறேன். மூக்குக் குத்துவதாகச் சொன்னேனே, அதையும் பத்தரிடம் சொல்லி வைத்தேன். ஒரே வீட்டில் இரண்டு மூக்கு ஒன்றாகக் குத்தத்தானே கூடாது? ஒன்றை எடுக்கிற அன்றைக்கு இன்னொன்றைக் குத்தலாம். மிச்சக் கம்பி இருக்கிறது. ரொம்ப நாள் கழித்துச் சந்தோஷமாக ஒரு வேலை.

1996 ஆகஸ்ட் 26

வந்துவிட்டாள்.

இவர் பின்னால் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி வந்தாள். வாசலில் நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்கிறவரைக்கும் நின்றாள். முற்றத்தில் நத்தூ கோழியைத் துரத்திக்கொண்டு குறுக்கே பாய்ந்தான்.

"ஓடறானே" என்றாள்.

அவ்வளவுதான். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததும் வரலாம் என்றவள் நான். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் பார்த்தேன்.

இடது மூக்கின் மேல் ஒரு கட்டி. பட்டாணி அளவு, சிவந்து பளபளப்பாக, தோல் தடித்துப்போய். பக்கத்தில் சுருங்கின தழும்பு. கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தேன். இது என்னடி என்றேன்.

"மூக்குக் குத்திக்கிட்டேன்."

"யாரு குத்தினா?"

"நானேதான். மாமுலியா வெளையாட எலந்தைக் கெளை வெட்டினோம்ல, பூவெல்லாம் குத்தி வைப்போமே, அந்த முள்ளால. அத்தைக்குத் தெரியாது. கட்டின்னு சொல்லிட்டேன்."

போன புரட்டாசியில், முகம் வீங்கி, கண் மூடிக் கிடந்தது. வெயில் கட்டி என்று நான் சொன்னது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். கால் கட்டை விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூக்குல புண்ணு வந்தா நீ வருவேன்னு நெனச்சேன்."

1996 ஆகஸ்ட் 27

காலையில் உப்பு வெந்நீர் வைத்துப் பஞ்சைத் திரித்து, பின்னுவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அது ஆறி எவ்வளவோ நாள் ஆகிவிட்டது என்றாள். ஆனாலும் உட்கார்ந்தாள், விருந்துக்குப் போன வீட்டில் வேண்டாம் என்று சொல்லத் தயங்கி இன்னொரு ரொட்டி வாங்கிக்கொள்கிற மாதிரி. கட்டியின் மேல் ஒற்றினேன். அதற்கு ஓட்டையே இல்லை, முழுக்க மூடிவிட்டது. "சூடா இருக்காடி?" என்றேன். "இல்ல. வலிக்கல" என்றாள்.

மதியம் பத்தர் வந்து நத்தூவின் வளையத்தைக் கத்தரித்தார். அவன் ஏமாந்துபோய் மூக்கைத் தடவித் தடவிப் பார்த்தான். தங்கத்தைத் திரும்பத் தோடாக அடித்துக் கொடுக்கட்டுமா என்றார். அப்போதுதான் பின்னுவின் காதைப் பார்த்தேன். குச்சிகள் எப்போதோ விழுந்திருக்கின்றன. இரண்டு காதும் தூர்ந்துவிட்டன, புள்ளி மட்டும் இருக்கிறது.

பரவாயில்லை, காதையும் மூக்கையும் இன்றைக்கே புதிதாகக் குத்திவிடலாம், மூக்கில் வலது பக்கம் நல்ல இடம் இருக்கிறது என்றார் பத்தர். நான் டப்பாவை எடுக்க எழுந்தேன். பின்னு, "வேண்டாம் தாத்தா. எனக்குக் குத்தினா தேறாது" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பத்தர் என்னைப் பார்த்துவிட்டுப் பையை மூடினார்.

1996 ஆகஸ்ட் 28

ராக்கி கட்டினாள். நத்தூவுக்கு இவள் யார் என்றே தெரியவில்லை, கையை உதறிக்கொண்டு என் புடவைக்குள் வந்து ஒளிந்தான். அவள் அதட்டவில்லை. முகத்தில் மெதுவாக ஊதினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த நேரத்தில் கட்டிவிட்டாள்.

இனிப்புக்கு வைத்த காசை எடுக்க டப்பாவைத் திறந்தேன், புத்தி கெட்டவள், அவள் முன்னாலேயே. சிவப்பு நூலும் பச்சை நூலும் மேலாகக் கிடந்தன. எடுத்துப் பார்த்தாள்.

"கட்டவே இல்லையா?"

நான் சொன்னேன். பெண் பிள்ளைக்கு ராக்கி கட்டினால் தெரிந்துபோகும் என்பதை, பயந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். வருஷா வருஷம் அது அவன் கையில் இருக்கும் என்று நினைத்தாளாம். காகித மடிப்பைத் திறந்து கம்பியையும் பார்த்தாள். அது உனக்கென்று வைத்தது என்றேன். திரும்ப மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நாளைக் காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அப்பாவைக் கேட்டாள்.

இங்கே இருக்கத்தானே வந்தாய் என்றேன். "நாளைக்கு முளைப்பாரி விடணும்மா. நான் அங்க வெதச்சு வச்சிருக்கேன். அத்தை தண்ணி ஊத்த மறந்துடும்" என்றாள். இங்கேயும் ஆறு இருக்கிறதே என்றேன். "வெதச்சது அங்கதானே" என்றாள். முளைப்பாரி விட்டதும் வந்துவிடு, அப்பா வந்து கூட்டி வருவார் என்றேன். தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்குத் தெரியவில்லை. முன்னெல்லாம் தெரியும்.

1996 ஆகஸ்ட் 29

முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள். இந்தத் தடவை நத்தூவைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் நானும் போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். இலுப்பைப்பூ அடையை மடியில் வைத்துவிட்டு, அத்தைக்கும் கொடுக்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்து கைப்பழக்கத்தில் உப்பு வெந்நீர் வைத்துவிட்டேன். பஞ்சைத் திரிக்கும்போதுதான் உறைத்தது. நத்தூவின் மூக்கில் வளையம் இல்லை, ஒன்றும் போட வேண்டாம் என்று பத்தர் சொல்லியிருக்கிறார். ஆனால் கிண்ணத்தைப் பார்த்ததும் அவன் ஓடிவந்து, வழக்கம்போல என் மடியில் தலை வைத்துப் படுத்து, கண்ணை மூடி, மூக்கைத் தூக்கிக் காட்டினான்.

போதும்டா, உனக்கு ஆறிப்போச்சு என்றேன். எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.